அம்மாவா, அப்பாவா என்று கேட்காதீர்கள்

(தர்மபுரியில் குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், பள்ளித் தலைமையாசிரியர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊரில் பேச்சு வந்த எந்தப் பிள்ளையும் தப்பிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. "உனக்கு அம்மா புடிக்குமா, அப்பா புடிக்குமா?" மாமா கேட்பார், பக்கத்து வீட்டு அக்கா கேட்பார், கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர்கூடக் கேட்பார். பிள்ளை திருதிருவென்று முழிக்கும், நாம் சிரிப்போம். கெட்டிக்காரப் பிள்ளை "ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். வீடு வீடாக இருக்கிறவரை அது விளையாட்டு.

தாயும் தகப்பனும் பிரிந்த பிறகு, காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்காரவைத்து அதே கேள்வியைக் கேட்கிறோம். குழந்தைகள் நலக் குழுவின் மேசைக்கு முன்னால் நிறுத்திக் கேட்கிறோம். பிள்ளையின் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லுக்காக இரண்டு குடும்பங்கள் வெளியே காத்து நிற்கின்றன. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே தெரியும். அம்மா என்று சொன்னால் அப்பா அழுவார். அப்பா என்று சொன்னால் அம்மா சாப்பிட மாட்டாள். இந்தக் கணக்கை அந்த வயதில் போட வைப்பது கொடுமை. இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்: அந்தக் கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள். கேட்காமலே தெரிந்துகொள்ளும் வழிகள் இருக்கின்றன. அந்த வழிகளைக் கற்று வைத்திருப்பதுதான் உங்கள் தொழிலின் நுட்பம்.

இந்த மாவட்டத்துக்குக் குழந்தை நலப் பணி வேறொரு வாசல் வழியாக வந்தது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கும் நீண்டது. பெண்ணாகப் பிறந்ததால் வேண்டாமல் போன சிசுவை உயிரோடு மீட்பது அன்றைய அவசரம். உங்களில் மூத்தவர்கள் அந்தத் தொட்டில்களைப் பார்த்தவர்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளையை என்ன செய்வது என்று இந்த மாவட்டத்தின் பணியாளர்களுக்கு அனுபவம் உண்டு. இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிற பிள்ளையை என்ன செய்வது என்பதற்கு அந்த அனுபவம் அவ்வளவாக உதவுவதில்லை. அங்கே பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இங்கே பிள்ளையைக் கையில் வாங்குவதே பல நேரங்களில் தவறாகிவிடும்.

பழைய கதை முற்றாக முடிந்துவிடவும் இல்லை. "பையன் எங்க வீட்டு வாரிசு, பொண்ண நீயே வெச்சிக்கோ" என்று பேசி முடிக்கிற பஞ்சாயத்துகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சண்டை பையனுக்காக நடக்கிறது. பெண்பிள்ளை சத்தமில்லாமல் தாயோடு அனுப்பப்படுகிறாள். நேற்றுவரை ஒரே தட்டில் சாப்பிட்ட அண்ணனும் தங்கையும் நிலம் பாகம் பிரிப்பதுபோல் பிரிக்கப்படுகிறார்கள். உடன்பிறந்தவர்களைப் பிரிக்கிற ஏற்பாடு எதுவாக இருந்தாலும், அதில் பெரியவர்கள் எவ்வளவு மனமொத்து இருந்தாலும், முதலில் சந்தேகத்தோடு பாருங்கள். அப்பா அம்மா பிரிந்த வீட்டில் அந்தப் பிள்ளைக்கு மிச்சமிருக்கிற ஒரே பழைய உறவு அந்த அண்ணனோ தங்கையோதான்.

இங்கே பிரிவுகள் எப்படி நடக்கின்றன என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்கும் போகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் இது, சுமார் 68.5 விழுக்காடு. பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைக்கிற வழக்கத்தோடு நீங்கள் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படிக் கல்யாணமான பெண், இருபத்திரண்டு வயதில் இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். அவளுக்கு விவாகரத்து ஆகியிருக்காது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி, "இனி உனக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை" என்று தீர்த்துவிட்டிருப்பார்கள். அந்தக் காகிதத்தின் நாலாவது வரியில் பிள்ளை யாருக்கு என்று எழுதியிருக்கும்.

அந்தக் காகிதத்தை உங்களிடம் நீட்டுவார்கள். லேமினேட் செய்துகூடக் கொண்டு வருவார்கள். தாயும் தகப்பனும் தங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும், பிள்ளையின் நலனுக்கு எதிராக அது எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. இதை மென்மையாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்களில் பலர் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவிலும் இருப்பார்கள், நாளை உங்களுக்குத் தகவல் தரப்போகிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் எழுதிக் கொடுத்த காகிதத்தை அந்தக் குடும்பத்தின் கதையில் ஒரு பகுதியாக அறிக்கையில் குறியுங்கள். அதற்கு மேல் மதிப்புக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் யார் முடிவு செய்வது? நீதிமன்றம். 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அது எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இளவர் காப்பாளர் சட்டம் கூடுதலாக உண்டு. அதன் 6-ஆம் பிரிவு தகப்பனை முதலில் வைத்துத் தாயை அடுத்து வைக்கிறது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் நலனே பெரிது என்கிறது. கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகனுக்காக ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தாயின் கையெழுத்து மட்டும் போதாது என்று திருப்பினார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். தகப்பன் பிள்ளையின் பொறுப்பை நடைமுறையில் ஏற்காதபோது தாயே இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தின் வாசகம் மட்டும் மாறவில்லை. 2015 மே மாதம் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தனது 257-ஆவது அறிக்கையில் தகப்பனுக்குத் தரும் இந்த முன்னுரிமையை நீக்கச் சொன்னது. கூட்டுப் பொறுப்புக்கு வழி செய்யவும் சொன்னது. அது பரிந்துரையாகவே நிற்கிறது. ஆகவே "சட்டப்படி எனக்குத்தான் உரிமை" என்று சத்தம் போடுகிற தகப்பனும், "அஞ்சு வயசு ஆகல, என்கிட்டதான் இருக்கணும்" என்று அழுகிற தாயும் ஆளுக்குப் பாதி சட்டத்தைச் சொல்கிறார்கள். மீதிப் பாதி பிள்ளையைப் பற்றியது. அதை எடுத்துச் சொல்ல அந்த இடத்தில் உங்களைத் தவிர ஆள் இல்லை.

இப்போது உங்கள் எல்லைக்கு வருகிறேன். குழந்தைகள் நலக் குழுவுக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பெரிய அதிகாரம் தந்திருக்கிறது. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழு, முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரத்தோடு அமர்கிறது. அந்த அதிகாரம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தைக்கானது. அப்பா அம்மா சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்பதனால் மட்டும் ஒரு பிள்ளை அந்த வகைக்குள் வந்துவிடாது. தாயிடம் பத்திரமாக இருக்கிற பிள்ளையைத் தகப்பன் கேட்கிறார் என்றால், அது நீதிமன்றத்தின் வேலை. குடும்ப நல நீதிமன்றத்துக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ போகச் சொல்லுங்கள். அடிதடி, துன்புறுத்தல் இருந்தால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் நடுவர் நீதிமன்றமே பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பைத் தாய்க்குக் கொடுக்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு. ஒரு குடும்பத்தை அந்த வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விடுவதும் உங்கள் பணிதான். "இது எங்க வேலை இல்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அவர்கள் நேராகப் போவது மறுபடியும் அந்த முத்திரைத்தாளுக்குத்தான்.

அந்த எல்லையைத் தாண்டி உங்கள் அதிகாரம் உயிர்பெறுகிற தருணங்களும் உண்டு. பிள்ளை இருக்கிற வீட்டில் அதை அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள், வேலைக்கு அனுப்புகிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள். இருவருமே விட்டுவிட்டுப் போய், ஆயாவும் படுத்த படுக்கையாக இருக்கிறார். அப்போது பெற்றோருக்குள் வழக்கு நடக்கிறதே என்று தயங்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் பிள்ளை குழுவின் முன் வர வேண்டும், பதினைந்து நாளுக்குள் சமூக விசாரணை முடிய வேண்டும். வழக்கு என்பது பிள்ளை அடிபடுவதற்கான அனுமதிச் சீட்டு இல்லை.

இதில் நடக்கிற ஒரு பெரிய தவறைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் விடாப்பிடியாக நிற்கும்போது, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவுக்கு வர்ற வரைக்கும் புள்ள ஹோம்ல இருக்கட்டும்" என்று ஒரு யோசனை வரும். கேட்பதற்கு நடுநிலை மாதிரி இருக்கும். எல்லோருக்கும் அன்றைக்குத் தலைவலி தீரும். ஆனால் அன்றிரவு தண்டனை அனுபவிப்பது, அந்தச் சண்டையில் எந்தத் தப்பும் செய்யாத ஒரே ஆள். நிறுவனப் பராமரிப்பு கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அடிப்படைக் கோட்பாடாகவே எழுதி வைத்திருக்கிறது. உயிரோடு, தன்னைத் தேடுகிற தாயும் தகப்பனும் இருக்கிற பிள்ளையை இல்லத்தில் சேர்த்தால், அது "என்னால்தான் சண்டை, அதனால்தான் என்னை இங்கே விட்டார்கள்" என்றுதான் புரிந்துகொள்ளும். அந்த எண்ணத்தைப் பிறகு எடுப்பது எவ்வளவு கடினம் என்று இங்கே இருக்கிற ஆற்றுப்படுத்துநர்களைக் கேளுங்கள். தற்காலிகமாக ஓர் இடம் வேண்டும் என்றால், பிள்ளைக்குப் பழக்கமான அத்தை வீடோ சித்தி வீடோ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

வீட்டுக்குப் போவதைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. நீதிபதி பிள்ளையை அரை மணி நேரம் பார்ப்பார். வக்கீல்கள் பிள்ளையைப் பார்க்காமலே வாதாடுவார்கள். சித்தேரி மலைக்கு ஏறிப் போய், பிள்ளை தூங்குகிற பாயைப் பார்க்கிறவர் நீங்கள் ஒருவர்தான். சுமார் 4,500 சதுர கிலோமீட்டர் மாவட்டத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய புறத்தொடர்புப் பணியாளர்கள், அதுவும் ஒப்பந்த ஊதியத்தில். அந்தச் சுமை எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், போகாமல் எழுதிய அறிக்கை படிக்கும்போதே தெரிந்துவிடும். "குடும்பச் சூழல் திருப்திகரமாக உள்ளது" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் வீடும் இருக்காது, பிள்ளையும் இருக்காது.

சமூக விசாரணை அறிக்கைக்குப் படிவம் 22 என்று ஒன்று இருக்கிறது. நல்ல படிவம்தான், ஆனால் கட்டங்களை நிரப்பினால் போதும் என்ற மயக்கத்தையும் அது தரும். நீதிமன்றம் கேட்டு எழுதினாலும் சரி, குழுவுக்காக எழுதினாலும் சரி, பிள்ளையின் ஒரு நாளை எழுதுங்கள். காலையில் யார் எழுப்புகிறார்கள்? தலை வாரி விடுவது யார்? காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனைக்கு, யார் தூக்கிக்கொண்டு போனார்கள், சீட்டு எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம், பெற்றோர் கூட்டத்துக்கு யார் போனார்கள், வருகைப் பதிவேடு என்ன சொல்கிறது? வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். அங்கன்வாடி அக்காவைப் பாருங்கள், அவருக்குத் தெரியாத வீடு இல்லை. ஒரே ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால், துடைத்து வைத்த வீட்டைத்தான் பார்ப்பீர்கள். இரண்டு வீடுகளுக்கும் போக வேண்டும். ஒரு வீட்டுக்குப் போய்விட்டு மற்ற வீட்டைப் பற்றியும் எழுதுகிறவர்களை எந்த வக்கீலும் குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடத்தில் மடக்கிவிடுவார். அந்த அவமானத்தைவிடப் பெரிது, அந்த அறிக்கையை நம்பி ஒரு பிள்ளை இடம் மாறியிருக்கும் என்பது.

எழுதக் கூடாதவற்றையும் சொல்கிறேன். தாயின் நடத்தையைப் பற்றி அக்கம்பக்கத்தார் சொன்னதாக வரும் வரிகள். நான் படித்த அறிக்கைகளில் தகப்பனைப் பற்றி அவர் என்ன சம்பாதிக்கிறார் என்று எழுதியிருக்கும். தாயைப் பற்றி அவள் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்று எழுதியிருக்கும். கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட் பார்க்கிற பெண் இரவு பதினொரு மணிக்கு வேனில் வந்து இறங்குவது அவளுடைய குணத்தைப் பற்றிய செய்தி ஆகாது. அந்த நேரத்தில் பிள்ளை யாரோடு இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய செய்தி. தகப்பனிடமும் இதே நியாயம் பாருங்கள். "ஆம்பள எப்படிப் புள்ள வளப்பான்" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள். தாய் திருப்பூரில் இருக்க, மூன்று வருடம் தன் கையால் சோறு ஊட்டி வளர்த்த தகப்பன்மார்களும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

ஏழ்மையும் அப்படித்தான். ஓட்டு வீடு, ஒரே அறை, கழிப்பறை இல்லை என்று எழுதி, அதனால் பிள்ளை மாடி வீட்டுக்குப் போகலாம் என்று முடிக்கிற அறிக்கை நலப் பணியின் அறிக்கை ஆகாது. வறுமை இருந்தால் உதவி தேடித் தருவதுதான் உங்கள் வேலை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விதவை மட்டுமல்ல, விவாகரத்தான தாயின் பிள்ளையும், கணவன் கைவிட்ட தாயின் பிள்ளையும் அதற்குத் தகுதி உடையவர்கள். "பணம் இல்லாததால் பிள்ளையை விட்டுக் கொடுத்தேன்" என்று ஒரு தாய் சொன்னால், அது விருப்பமா நிர்ப்பந்தமா என்று பிரித்துப் பார்க்க வேண்டியது நீங்கள். விண்ணப்பத்தை அந்த வீட்டிலேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.

சரி, பிள்ளையிடம் என்ன பேசுவது? 1890 சட்டமே, விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும், தன்னைப் பற்றிய விஷயத்தில் பிள்ளையின் குரல் கேட்கப்பட வேண்டும் என்கிறது. இது நான் முதலில் சொன்னதற்கு முரண் என்று நினைக்காதீர்கள். குரலைக் கேட்பது வேறு, தீர்ப்பைப் பிள்ளையின் தலையில் வைப்பது வேறு. தனியாகப் பேசுங்கள், யார் கூட்டிக்கொண்டு வந்தார்களோ அவர்கள் கண்ணில் படாத இடத்தில் பேசுங்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேளுங்கள், ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய், ராத்திரி பயமாக இருந்தால் யாரைக் கூப்பிடுவாய், எதை நினைத்தால் வயிறு வலிக்கிறது என்று கேளுங்கள். இன்னொரு நாள், இன்னொரு வீட்டில் இருக்கும்போது மறுபடியும் பேசுங்கள். சொல்லிக் கொடுத்து அனுப்பிய பிள்ளை, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லும். "எங்கப்பா எனக்கு ஜீவனாம்சம் குடுக்கல" என்று ஆறு வயதுப் பிள்ளை சொன்னால், அந்த வாக்கியம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். அதற்காக அந்தப் பிள்ளையைப் பொய் சொல்கிறாய் என்று மடக்காதீர்கள். தன்னோடு இருக்கிறவரைக் காப்பாற்ற அதற்குத் தெரிந்த ஒரே வழி அது. பேசி முடித்ததும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: நீ எங்கே இருப்பது என்று பெரியவர்கள்தான் முடிவு செய்வார்கள், நீ சொன்னதனால் யாருக்கும் எதுவும் ஆகாது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தன் சொந்தத் தீர்ப்பையே மறு ஆய்வில் மாற்றிக்கொண்ட ஒரு வழக்கு இதற்குப் பாடம். கேரளக் குடும்பம். தாயோடும் அவர் மறுமணம் செய்துகொண்டவரோடும் வளர்ந்துகொண்டிருந்த பையனின் பொறுப்பைத் தகப்பனுக்குக் கொடுத்து முந்தைய ஆண்டு தீர்ப்பாகியிருந்தது. அதன் பிறகு பையனின் மனநலம் மோசமானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல அறிக்கைகள், தாயைப் பிரியப் போகிறோம் என்ற பதற்றம் அவனை எப்படி வாட்டுகிறது என்று காட்டின. நீதிமன்றம் அதை ஏற்றுப் பொறுப்பைத் தாயிடமே விட்டது. தகப்பன் பார்த்துப் பேசுவதற்கும் வழி செய்தது. பிள்ளைகள் விஷயத்தில் எந்த உத்தரவும் கல்லில் பொறித்ததாக இருக்க முடியாது என்பது அதன் சாரம். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே, பிள்ளையை நேரில் கவனித்தவர்களின் அறிக்கைகளுக்காகத் தீர்ப்பைத் திருப்பி எழுதியது. உங்கள் அறிக்கைக்கும் அந்தக் கனம் உண்டு என்று நினைத்து எழுதுங்கள்.

இன்னொரு கடினமான விஷயம் போக்சோ, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கிற சட்டம். 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்த வழக்கில், மகளின் பொறுப்பைப் பெறுவதற்காகத் தகப்பன் மீது தாய் பொய்யாகப் பாலியல் புகார் கொடுத்திருந்தது வெளிப்பட்டது. நீதிபதி வழக்கை ரத்து செய்து, பொய்ப் புகாருக்கான போக்சோ சட்டத்தின் 22-ஆம் பிரிவில் தாய்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னார். இந்த வழக்கை நிறையப் பேர் எனக்குச் சொல்லிக்காட்டுகிறார்கள். இதைக் காட்டி, பிரிந்த குடும்பத்துப் பிள்ளை சொல்கிற எதையும் நம்பாதே என்று முடிவுக்கு வருகிறார்கள். அது அபாயம். பிரிந்த வீட்டிலும் வன்கொடுமை நடக்கும். சில வீடுகள் பிரிந்ததற்குக் காரணமே அதுவாக இருக்கும். புகார் உண்மையா என்று தீர்மானிப்பது உங்கள் பொறுப்பில் இல்லை. பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே, அதன் சொற்களிலேயே, ஒரு முறை மட்டும் கேட்டு எழுதி, காவல் துறைக்கும் மருத்துவருக்கும் அனுப்புவது உங்கள் பொறுப்பு. ஐந்து பேர் ஐந்து முறை கேட்டால் உண்மையான புகாரும் பொய் மாதிரி ஆகிவிடும், பொய்ப் புகாரும் பிள்ளைக்கு உண்மை மாதிரி மனப்பாடம் ஆகிவிடும்.

தலைமையாசிரியர்கள் வந்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தச் சண்டைகள் நீதிமன்றத்துக்கு வருமுன் உங்கள் பள்ளி வாசலுக்கு வருகின்றன. ஜூன் மாதத்தில் வரும். ஒருவர் டி.சி. கேட்பார், மற்றவர் கொடுக்கக் கூடாது என்பார். 1890 சட்டப்படி பிள்ளை வழக்கமாக வசிக்கிற ஊரின் நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட முடியும். அதனால் முதலில் பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு போய்ப் பெங்களூரில் சேர்ப்பது என்று ஓட்டப்பந்தயம் நடக்கும். நீதிமன்ற உத்தரவு ஏதும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். மாலையில் பிள்ளையை யார் அழைத்துப் போகிறார்கள் என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். டி.சி. வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. சண்டை முடியும்வரை பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பள்ளி வாசலில் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் 1098-க்கும் சொல்லுங்கள். அதைச் செல்போனில் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். பாதுகாப்புத் தேவைப்படுகிற குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இருக்கிறது.

1098 என்றதும் இதையும் சொல்ல வேண்டும். அந்த எண் இப்போது பெற்றோர்களின் ஆயுதமாகவும் ஆகியிருக்கிறது. "புள்ளைய அடிக்கிறா, உடனே வாங்க" என்று தகப்பன் அழைப்பார். மறுநாள் தாய் அதையே சொல்லி அழைப்பார். அலுத்துப்போய் மூன்றாவது அழைப்பை விட்டுவிடாதீர்கள். போய்ப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் தேதி போட்டு எழுதுங்கள். பொய் அழைப்புகள் என்றாலும் அந்தத் தேதிகளின் வரிசையே ஒருநாள் நீதிமன்றத்துக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

கடைசியாக, உத்தரவு வந்த பிறகு நடப்பதைப் பற்றி. பிள்ளை ஒருவரிடம் இருக்கட்டும், மற்றவர் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்க்கட்டும் என்று உத்தரவு வரும். இருவருடைய அன்பும் பிள்ளையின் உரிமை, நேரில் பார்க்க முடியாதபோது தொலைபேசியிலும் வீடியோ அழைப்பிலும் பேச வழி செய்ய வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர், பிள்ளையைப் பார்க்க வருகிற முன்னாள் துணையை விருந்தாளியாக நினைத்துத் தேநீர் கொடுத்து உபசரியுங்கள் என்று எழுதினார். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிற்கவில்லை. உபசரிப்பை உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவர் எதைக் கண்டு அப்படி எழுதினார் என்று இந்த வேலையில் இருக்கிற உங்களுக்குப் புரியும். பிள்ளையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிற அந்தப் பத்து நிமிடம்தான் அதற்கு மிகப் பயங்கரமான பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடம் இந்த மாவட்டத்தில் எங்கே நடக்கிறது? பேருந்து நிலையத்தில், டீக்கடையில், மகளிர் காவல் நிலையத்து வராந்தாவில். சென்னையில் குடும்ப நல நீதிமன்ற வளாகத்திலேயே இதற்காகக் குழந்தைகள் மையம் வைத்திருக்கிறார்கள். அதிலும் குறைகள் உண்டு, பிள்ளையை நீதிமன்றத்துக்குள் வரவைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. தர்மபுரியில் ஒரு அறை வேண்டும், அரூரில் ஒரு அறை வேண்டும், பென்னாகரத்தில் ஒரு அறை வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடமும் மாவட்ட நீதிபதியிடமும் கேட்கலாம் என்று இருக்கிறேன். இந்த அவையில் இருப்பவர்களும் கையெழுத்துப் போடுங்கள். பெரிய கட்டடம் கேட்கவில்லை. பயன்படாமல் கிடக்கிற அங்கன்வாடிக் கட்டடம் போதும். பாய், சில விளையாட்டுச் சாமான்கள், குடிதண்ணீர், கழிப்பறை, தூரத்தில் உட்கார்ந்து கவனிக்க ஒரு ஆற்றுப்படுத்துநர். தாய் முன்வாசலிலும் தகப்பன் பின்வாசலிலுமாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல் வந்து போக இரண்டு கதவுகள். அந்த அறை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்க வேண்டும். அரசு அலுவலக நேரத்தில் திறந்து பயன் இல்லை, பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறவருக்கு அன்றைக்கு மட்டும்தான் விடுமுறை. அவர் விடியற்காலை பஸ் பிடித்தால் பத்து மணிக்கு இங்கே வந்து சேர்வார். பத்து மணிக்குக் கதவு திறந்திருந்தால் சாயங்காலம்வரை பிள்ளையோடு இருந்துவிட்டு, ராத்திரி வண்டியில் திரும்பிவிடுவார்.